டாக்டர் ஜான் கிரே வைத்தியத்தை விட்டாரா?

கேள்வி இதுதான்: டப்ளின் போயிருந்த நண்பர் ஒருவர் ஓ'கானல் தெருவில் சர் ஜான் கிரே என்பவரின் வெள்ளைப் பளிங்குச் சிலையைப் பார்த்திருக்கிறார். டாக்டர், பத்திரிகை முதலாளி, நாடாளுமன்ற உறுப்பினர், மாநகராட்சித் தண்ணீர்க் குழுவின் தலைவர் என்று பல அடையாளங்கள் அவருக்கு. மேயராகவும் இருந்தார் என்று யாரோ சொன்னார்களாம். "படித்த வைத்தியத்தை விட்டுவிட்டு நகர அரசியலுக்குப் போனவருக்கு ஊரின் நடுவில் இவ்வளவு பெரிய சிலை எதற்கு?" என்று கேட்கிறார். மேலோட்டமாகப் பார்த்தால் ஒருவருடைய வாழ்க்கைக் குறிப்பைக் கேட்பது போலத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே இருக்கும் கேள்வி வேறு. ஒரு டாக்டர் ஆஸ்பத்திரியை விட்டு நகராட்சிக் கூட்டத்தில் போய் உட்கார்ந்தால் அது வைத்தியத்தைக் கைவிட்டதாகுமா, அல்லது அதுவே வேறு விதமான வைத்தியமா? சமூக மருத்துவம் படித்து, அதையே பல வருஷம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். அயர்லாந்து அரசியலைவிட டப்ளினின் தண்ணீரும் சாக்கடையும்தான் எனக்கு நெருக்கம். ஆகவே பதிலும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

சந்தேகத்துக்கு இடமில்லாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜான் கிரே 1815 ஜூலையில், அயர்லாந்தின் மேற்கே மேயோ மாவட்டத்தில் கிளேர்மோரிஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். புராட்டஸ்டன்ட் குடும்பம். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் படித்துவிட்டு, 1839இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் எம்.டி. பட்டம் வாங்கினார். அதே வருஷம் டப்ளினுக்கு வந்து, வடக்கு கம்பர்லண்ட் தெருவில் இருந்த ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தார். கல்யாணமும் அதே வருஷம்தான். இரண்டே வருஷத்தில், 1841இல், 'ஃப்ரீமன்ஸ் ஜர்னல்' என்ற பழைய டப்ளின் நாளிதழின் உரிமையாளர்களில் ஒருவரானார். 1850இல் பத்திரிகை முழுவதும் அவர் கைக்கு வந்தது. ஆக, முழுநேர டாக்டராக அவர் இருந்த காலம் மிகவும் குறைவு. அந்த அளவில் கேட்டவர் சொல்வது சரிதான்.

பத்திரிகைக்குப் போனதும் அரசியல் தானாகவே வந்து சேர்ந்தது. அன்றைய டப்ளின் மாநகராட்சி எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் இது புரியும். ஊரில் பெரும்பான்மையினர் கத்தோலிக்கர்கள். ஆனால் மாநகராட்சியோ தலைமுறை தலைமுறையாகப் புராட்டஸ்டன்ட் வணிகர்கள், கைவினைச் சங்கத்தார் பிடியில் இருந்தது. 1840இல் வந்த நகராட்சிச் சீர்திருத்தச் சட்டம் அந்தக் கதவைத் திறந்தது. மறு வருஷமே டேனியல் ஓ'கானல் மேயரானார். ஏறக்குறைய நூற்றைம்பது வருஷத்துக்குப் பிறகு அந்த நாற்காலியில் ஒரு கத்தோலிக்கர். பிரிட்டனோடு 1801இல் செய்யப்பட்ட இணைப்பை ரத்து செய்து, டப்ளினில் மறுபடியும் தனி நாடாளுமன்றம் அமைய வேண்டும் என்பது ஓ'கானலின் இயக்கம். கிரே புராட்டஸ்டன்டாக இருந்தும் அந்த இயக்கத்தில் மனப்பூர்வமாகச் சேர்ந்தார். 1843 அக்டோபரில் குளோன்டார்ஃபில் நடக்கவிருந்த மாபெரும் கூட்டத்துக்கு அரசு தடை போட்டது. அதைத் தொடர்ந்து ஓ'கானலோடு சேர்த்துச் சதி வழக்கில் சிக்கியவர்களில் கிரேயும் ஒருவர். கத்தோலிக்கர் ஒருவர்கூட இல்லாத ஜூரி அவர்களைக் குற்றவாளிகள் என்றது. கிரேக்கு ஒன்பது மாதச் சிறை. ஆனால் ரிச்மண்ட் சிறையில் இருந்தது சுமார் மூன்று மாதம்தான். 1844 செப்டம்பரில் லண்டனில் பிரபுக்கள் சபை மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. சிறை என்றதும் இருட்டறையைக் கற்பனை செய்ய வேண்டாம். சிறை அதிகாரியின் வீட்டில், தோட்டத்தில் உலாவிக்கொண்டு, பார்க்க வருகிறவர்களோடு பேசிக்கொண்டு கழிந்த நாட்கள் அவை. இருந்தாலும் 29 வயது டாக்டருக்கு அதற்குப் பின் பழைய வாழ்க்கைக்குத் திரும்பும் வழி இருக்கவில்லை.

அப்புறம் 1852. நாடாளுமன்றத்துக்கு மொனஹன் தொகுதியில் நின்று தோற்றார். அதே வருஷம் டப்ளின் மாநகராட்சிக்கு உறுப்பினரானார். பெரிய மேடை கிடைக்காமல் சின்ன மேடைக்கு வந்தவர் என்று இதைப் படிக்கிறவர்கள் உண்டு. அவர் வாழ்க்கையின் உண்மையான வேலை தொடங்கிய இடம் இதுதான் என்பது என் கருத்து.

அன்றைய டப்ளின் எந்தத் தண்ணீரைக் குடித்தது தெரியுமா? கால்வாய்த் தண்ணீர். கிராண்ட் கால்வாய், ராயல் கால்வாய் என்று இரண்டு, நாட்டின் உள்பகுதியிலிருந்து சரக்குப் படகுகள் வந்துபோக வெட்டப்பட்டவை. கரையில் குதிரை இழுக்க, கரியும், விறகு போல எரிக்கும் சதுப்புமண் கட்டிகளும், எருவும் ஏற்றிய படகுகள் மிதந்து வந்த அதே தண்ணீர், ஜேம்ஸ் தெரு, போர்டோபெல்லோ, பிளெஸிங்டன் தெரு ஆகிய இடங்களில் திறந்த குளங்களில் தேங்கி, அங்கிருந்து குழாய் வழியாக வீடுகளுக்குப் போனது. அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மரக் குழாய்களை எடுத்துவிட்டு வார்ப்பிரும்புக் குழாய் போட்டார்கள். குழாய்தான் புதிது, உள்ளே ஓடிய தண்ணீர் பழையது. குளங்கள் ஊரைவிட அதிக உயரத்தில் இல்லாததால் அழுத்தமும் இல்லை. மாடிக்கு ஏறாது, தீப்பிடித்தால் அணைக்கவும் போதாது. 1832இலும் 1849இலும் காலரா இந்த ஊரை வாரிக்கொண்டு போனது.

மாற்றுத் திட்டங்கள் பல வருஷம் மேஜையில் கிடந்தன. லிஃபி ஆற்றின் மேல்பகுதியிலிருந்து எடுக்கலாம், டாடர் ஆற்றிலிருந்து எடுக்கலாம், கால்வாயையே சீர்செய்யலாம் என்று ஆளுக்கொரு யோசனை. தெற்கே விக்லோ மலையில் ஓடும் வார்ட்ரி ஆற்றை அணை கட்டித் தேக்குவது என்பது ரிச்சர்ட் ஹஸார்ட் என்ற பொறியாளர் முன்வைத்த யோசனை. அரசு அனுப்பிய பொறியாளர் ஜான் ஹாக்‌ஷா 1860இல் இதற்கு ஆதரவாக அறிக்கை கொடுத்தார். 1861இல் நாடாளுமன்றத்தில் சட்டம் நிறைவேறியது. கட்டி முடித்தவர் மாநகராட்சியின் பொறியாளர் பார்க் நெவில். இதை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வார்ட்ரித் திட்டத்தைக் கிரே 'கண்டுபிடித்தார்', அவர் 'கட்டினார்' என்று சில இடங்களில் எழுதியிருக்கிறார்கள். அது சரியல்ல. யோசனை ஒருவருடையது, பரிந்துரை இன்னொருவருடையது, கட்டுமானம் மூன்றாமவருடையது. கிரே செய்தது இவை மூன்றும் நடக்கும்படி பார்த்துக்கொண்டது.

அது லேசான வேலை அல்ல. தண்ணீர் விற்றுக் காசு பார்த்துவந்த கால்வாய் நிறுவனங்கள் விடாமல் எதிர்த்தன. வரி ஏறும் என்று சொத்துக்காரர்கள் எதிர்த்தார்கள். மாநகராட்சிக்குள்ளேயே கட்சிப் பூசல். இந்த நிலையில் தண்ணீர்க் குழுவின் தலைவருக்குத் தேவைப்பட்டது மூன்று. தண்ணீருக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைப் பேசும்போது ஊர் நம்பக்கூடிய படிப்பு ஒன்று. எதிர்ப்பைத் தினமும் காலையில் சந்திக்க ஒரு பத்திரிகை இன்னொன்று. குழுக் கூட்டத்தில் கணக்கையும் வரைபடத்தையும் மணிக்கணக்கில் பார்க்கும் பொறுமை மூன்றாவது. மூன்றும் ஒரே ஆளிடம் அமைந்தது டப்ளினுக்கு வாய்த்த அதிர்ஷ்டம். தன் பத்திரிகையைத் தன் திட்டத்துக்கே பயன்படுத்தியது முறையா என்று இன்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். அன்றைய பத்திரிகைகள் எல்லாமே வெளிப்படையாக ஒரு பக்கம் நின்றவை. கிரே எந்தப் பக்கம் என்பதும் ஊருக்கே தெரியும்.

இனி திட்டத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். விக்லோ மலையில் ரவுண்ட்வுட் என்ற கிராமத்தின் பக்கத்தில் வார்ட்ரி ஆற்றுக்குக் குறுக்கே மண் அணை, சுமார் 20 மீட்டர் உயரம், 500 மீட்டர் நீளம். தேங்கும் தண்ணீர் சுமார் 240 கோடி கேலன். ஏரி கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்கு மேல் இருக்கிறது, டப்ளினோ கடலோர ஊர். எனவே பம்பு எதுவும் தேவையில்லை, தண்ணீர் தானாகவே இறங்கி வரும், அழுத்தத்தோடு வரும். நடுவில் குறுக்கிட்ட குன்றை, கெட்டிப் பாறையில் சுமார் 4 கிலோமீட்டர் சுரங்கம் வெட்டிக் கடந்தார்கள். அங்கிருந்து 33 அங்குல இரும்புக் குழாய் வழியாக ஸ்டில்லோர்கன் நீர்த்தேக்கத்துக்கு வந்து, பிறகு நகரத்துக்குள் நுழைந்தது. 1862இல் வேலை தொடங்கியது. 1863 ஜூன் 30 அன்று ஆற்றைப் புதிய வழியில் திருப்பிவிட்ட விழாவில் அரசப் பிரதிநிதி கார்லைல் பிரபு கிரேக்கு 'சர்' பட்டம் கொடுத்தார். இருபது வருஷத்துக்கு முன் இதே அரசுதான் அவரைச் சதிகாரர் என்று கூண்டில் ஏற்றியது. 1868 வாக்கில் நகரம் முழுவதும் வார்ட்ரி நீரைக் குடித்தது.

மணல் வடிகட்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். வகுப்பில் நான் அதிக நேரம் எடுத்துக்கொண்ட பகுதி அது. ரவுண்ட்வுட்டில் பெரிய பெரிய தொட்டிகள் கட்டி, அடியில் கல்லும் சரளையும், மேலே மணலும் பரப்பி, ஏரித் தண்ணீரை அதன்மேல் நிறுத்தினார்கள். தண்ணீர் மணல் வழியாக ஒரு நாளைக்குச் சில மீட்டர் என்ற அளவில் மெல்ல இறங்கும். கொஞ்ச நாளில் மணலின் மேல்பரப்பில் வழவழப்பாக ஒரு மெல்லிய படலம் படியும். பார்த்தால் அழுக்கு மாதிரி இருக்கும். உண்மையில் பாசியும் நுண்ணுயிர்களும் சேர்ந்த உயிருள்ள அடுக்கு அது, தண்ணீரில் வரும் நோய்க்கிருமிகளைப் பிடித்துத் தின்றுவிடும். படலம் தடித்துத் தண்ணீர் இறங்குவது குறைந்துபோனால், தொட்டியை வடித்துவிட்டு, ஆட்கள் இறங்கி மேல் மணலை மண்வாரியால் மெல்லச் சுரண்டி எடுப்பார்கள். திரும்பவும் தண்ணீர் விட்டால் படலம் மறுபடி வளரும். ரசாயனம் எதுவும் இல்லை. கட்டியவர்களுக்கு இதில் கிருமி என்ற ஒன்று சம்பந்தப்பட்டிருப்பதே தெரியாது. கலங்கல் போகும், நாற்றம் போகும், லண்டனில் 1829இலிருந்து பயன்படுகிறது என்ற அளவில்தான் அன்றைய அறிவு. காலராக் கிருமியை ராபர்ட் கோஃக் அடையாளம் காட்டியது 1884இல். மணல் வடிகட்டி காலராவைத் தடுக்கும் என்பதற்கு ஆணித்தரமான சாட்சி கிடைத்தது 1892இல். ஜெர்மனியில் ஹாம்பர்க் ஊரில் வடிகட்டாத எல்பா ஆற்று நீரைக் குடித்தவர்களில் எட்டாயிரத்துக்கும் மேல் இறந்தார்கள். அதே ஆற்று நீரை வடிகட்டிக் குடித்த பக்கத்து ஊரான அல்டோனா பெருமளவு தப்பியது. அப்போது கிரே இறந்து 17 வருஷம் ஆகியிருந்தது.

இங்கேதான் உறுதியானதையும் ஊகத்தையும் பிரித்துக்கொள்ள வேண்டும். கிரே படித்த கிளாஸ்கோ நகரம் 1859இலேயே கேட்ரின் ஏரியிலிருந்து மலைத் தண்ணீரைக் கொண்டுவந்துவிட்டது. எனவே அங்கே கற்றதைத்தான் டப்ளினில் செய்தார் என்று முடிச்சுப் போடத் தோன்றும். ஆனால் அவர் கிளாஸ்கோவில் இருந்தது அதற்கு இருபது வருஷம் முன்பு. முன்னுதாரணம் அந்த ஊர்தான், டப்ளினில் எல்லோரும் அறிந்த முன்னுதாரணமும்கூட. அதைப் படித்த காலத்தோடு கோக்க ஆதாரம் இல்லை. இரண்டாவது, "வார்ட்ரி நீர் வந்தது, காலரா ஒழிந்தது" என்ற வாசகம். 1866இல் டப்ளினில் மறுபடி காலரா வந்தது, அப்போது திட்டம் முழுமை அடையவில்லை. அதற்குப் பின் பெரிய காலரா வரவில்லை என்பது உண்மை. ஆனால் 1866க்குப் பிறகு பிரிட்டன், அயர்லாந்து முழுவதிலுமே பெரிய காலராத் தொற்று வரவில்லை. புதுத் தண்ணீர் வந்த ஊருக்கும் வராத ஊருக்கும் ஒரே மாதிரி நடந்தால், அந்தப் பெருமை முழுவதையும் தண்ணீருக்கே கொடுக்க முடியாது. இத்தனை உயிரைக் காப்பாற்றினார் என்று ஒரு எண்ணைச் சொல்ல எந்த நேர்மையான கணக்கும் இடம் தராது.

இன்னும் கசப்பான ஒரு உண்மையும் உண்டு. நல்ல தண்ணீர் வந்த பிறகும் டப்ளினின் சாவு விகிதம் அந்த நூற்றாண்டு முடியும்வரை வெட்கப்படும் அளவுக்கு உயரத்தில்தான் இருந்தது. டைபாய்டு நீடித்தது. ஏனென்றால் சுத்தமான தண்ணீரை உள்ளே கொண்டுவந்த நகரம், அழுக்கை வெளியே கொண்டுபோகவில்லை. சாக்கடை நேராக லிஃபி ஆற்றில் விழுந்தது. கழிவுநீரைத் திரட்டி ஆற்றின் முகத்துவாரத்துக்குக் கொண்டுபோய்ச் சுத்திகரிக்கும் திட்டம் 1906இல்தான் செயல்பட்டது. ஏழைகள் இருந்ததோ பழைய பிரபுக்களின் மாளிகைகளை அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விட்ட வீடுகளில். 1913இல் நடந்த வீட்டுவசதி விசாரணையின்படி அப்படிப்பட்ட வீடுகளில் சுமார் 26,000 குடும்பங்கள், அவற்றில் சுமார் 20,000 குடும்பங்களுக்கு ஒரே ஒரு அறை. கட்டடம் முழுவதற்கும் கொல்லையில் ஒரு குழாய், ஒன்றிரண்டு கழிப்பறை. அந்தக் குழாயில் வந்தது அருமையான மலைத் தண்ணீர். வாளியில் பிடித்து, மூன்று மாடி தூக்கிப்போய், மூடியில்லாத பாத்திரத்தில் வைத்தால் அது எவ்வளவு நேரம் அருமையாக இருக்கும்? தண்ணீர் என்பது மூன்றில் ஒரு பங்கு. சாக்கடையும் வீடும் மற்ற இரண்டு பங்கு. கிரேயின் தலைமுறை முதல் பங்கைத்தான் முடித்தது.

அதனால் அவர் செய்தது சின்னது என்று ஆகிவிடாது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஊர் பக்கத்திலேயே இருந்தது. டப்ளினின் தெற்கே ராத்மைன்ஸ் என்ற வசதியான புறநகர் தனி நகராட்சியாக இயங்கியது. வரி குறைவாக இருக்க வேண்டும் என்பதே அதன் கொள்கை. மாநகராட்சியின் வார்ட்ரி நீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கால்வாய்த் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் 1880களில் அதுவும் டாடர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் சொந்தமாக நீர்த்தேக்கம் கட்ட வேண்டிவந்தது. கிரே மாதிரி ஒருவர் இல்லையென்றால் டப்ளினும் இன்னும் பதினைந்து இருபது வருஷம் வரி, வழக்கு என்று பேசிக்கொண்டு கால்வாயையே நம்பியிருந்திருக்கும் என்று நினைக்கிறேன். இது என் ஊகம்தான், ஆனால் ராத்மைன்ஸைப் பார்த்துச் சொல்லும் ஊகம்.

அவருடைய மற்ற அரசியலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1850இல் குத்தகை விவசாயிகளின் உரிமைக்காக உருவான சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1865இலிருந்து சாகும்வரை கில்கென்னி நகரத்தின் நாடாளுமன்ற உறுப்பினர். 1861 கணக்கெடுப்பில் மக்கள்தொகையில் சுமார் 12 சதவீதமே இருந்த ஆங்கிலிக்கன் திருச்சபை, அயர்லாந்தின் அரசுத் திருச்சபையாக இருப்பதை எதிர்த்து அவர் பத்திரிகை தொடர்ந்து எழுதியது. பிறப்பால் புராட்டஸ்டன்டான அவர் இதைச் செய்ததற்குத் தனி எடை இருந்தது. 1869இல் அந்தத் திருச்சபையின் அரசு அந்தஸ்தை நீக்கிச் சட்டம் வந்தது. அதற்குக் காரணமான பலரில் அவரும் ஒருவர், அவ்வளவுதான். தண்ணீரில் அவருக்கு இருந்த இடம் இதில் இல்லை. 1875 ஏப்ரல் 9 அன்று இங்கிலாந்தின் பாத் நகரில் இறந்தார். டப்ளின் கிளாஸ்நெவின் கல்லறையில் அடக்கம். மக்களிடம் திரட்டிய பணத்தில் தாமஸ் ஃபாரல் செதுக்கிய சிலையை 1879 ஜூனில் திறந்தார்கள். கேட்டவர் பார்த்தது அதைத்தான்.

ஆக, வைத்தியத்தை விட்டாரா என்றால், நாடி பார்ப்பதை விட்டார். வைத்தியத்தை விட்டதாக நான் நினைக்கவில்லை. இரண்டரை லட்சம் பேர் இருந்த ஊருக்குக் குடிநீரை மாற்றிக் கொடுத்தவரை எங்கள் துறை டாக்டர் என்றுதான் சொல்லும்.

மேயர் விஷயம்: அவர் மேயராக இருந்ததில்லை. 1860களின் கடைசியில் பதவி தேடிவந்தும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 1880இல் மேயராக இருந்தவர் அவர் மகன் எட்மண்ட் டுவைர் கிரே, அந்தக் குழப்பம்தான் இது. மகன் பத்திரிகையையும் அரசியலையும் சேர்த்தே வாரிசாக எடுத்துக்கொண்டவர். 1882இல் ஒரு கொலை வழக்கின் ஜூரியைப் பற்றித் தன் பத்திரிகையில் வந்த எழுத்துக்காக நீதிமன்ற அவமதிப்பு என்று அவரும் சிறைக்குப் போனார். அப்போது டப்ளின் நகரின் ஷெரிஃப் பதவியில் இருந்தவரும் அவரே. கைது செய்ய வேண்டிய அதிகாரி அவராகவே இருந்ததால், பிணப் பரிசோதனை அதிகாரிதான் அவரைப் பிடித்துக்கொண்டு போக வேண்டிவந்தது. பேரன் பெயரும் எட்மண்ட் டுவைர் கிரேதான். ஆஸ்திரேலியாவுக்குப் போய், 1939இல் சில மாதங்கள் டாஸ்மேனியா மாநிலத்தின் முதல்வராக இருந்தார். இணையத்தில் தேடும்போது இந்த இரண்டு எட்மண்டுகளும் ஒன்றாகக் கலந்து வருவார்கள், வருஷத்தைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.